அறிவர் கோயிலில் மீன் காட்டிய அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் பஸ் ஏறிவிட்டேன். போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்றரை மணி வாக்கில், திருச்சியிலிருந்து ஒரு டூரிஸ்ட் பஸ் நிறைய ஆட்கள், சித்தன்னவாசலில் நீங்கள் பார்த்துக்கொள்ளும் அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரைக்கு வந்து இறங்கினோமே, நினைவிருக்கிறதா? சிப்ஸ் பாக்கெட்டும் கையுமாக எல்லோருக்கும் முன்னால் படியேறி ஓடி வந்தானே ஒரு பையன், அவனுடைய அத்தை நான். இது உங்கள் கண்ணில் படுமா தெரியாது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது படித்துக் காட்டினால் சந்தோஷப்படுவேன்.

அன்றைக்கு நாங்கள் 31 பேர். என் அப்பா கூடப்பிறந்தவர்கள் நான்கு பேர், அவர்கள் பிள்ளைகள், பேரன் பேத்திகள். கல்யாணம், காதுகுத்து தவிர எல்லோரும் ஒன்றாகப் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது என்று சித்தப்பாதான் பஸ் பேசினார். கொடும்பாளூர், குடுமியான்மலை, சித்தன்னவாசல், நார்த்தாமலை, திருமயம் என்று ஒரே நாளில் ஐந்து இடம். ஆறு மணிக்கு வரவேண்டிய பஸ் ஏழரைக்கு வந்தது. அப்போது பிடித்த ஓட்டம்தான், உங்களிடம் வந்து சேரும் வரை நிற்கவில்லை.

கொடும்பாளூரில் அரை மணி நேரம். இருக்குவேள் குலத் தலைவன் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும், தன் தேவியர் கற்றளி, வரகுணை இருவர் பெயரிலுமாக மூன்று விமானம் எடுத்த மூவர் கோயில். இப்போது நிற்பது இரண்டுதான். மூன்றாவதன் அடித்தளம் மட்டும் புல் நடுவே கிடக்கிறது. பெரிய அத்தை அங்கே நின்று, "எந்த ராணியோட கோயில்டி போச்சு?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார்.

குடுமியான்மலையில் அக்கா மகள் பாட்டு கற்றுக்கொள்கிறவள் என்பதால் இசைக் கல்வெட்டின் முன்னால் கொஞ்சம் நின்றோம். மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில் 38 வரி. ஏழு பிரிவாக, கிரந்த எழுத்தில் சுரங்கள் மட்டும். ஒரே சுரம் ச, சி, சு, செ என்று மாறி மாறி வருவதை அவளுக்குச் சொன்னேன். கடைசியில் தமிழில் ஒரு வரி: "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய". ஒரு அரசன் தன் மாணவர்களுக்காகப் பாறையில் எழுதி வைத்த பாடம் அது. அவள் வாய்க்குள் எதையோ முணுமுணுக்க ஆரம்பித்தாள். அதற்குள், "நேரமாச்சு, நேரமாச்சு" என்று சித்தப்பா கூப்பிட்டுவிட்டார்.

வழியில் ஒரு புளியமரத்தடியில் சாப்பாடு. எலுமிச்சை சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். அந்த எண்ணெய்க் கையோடுதான் உங்களிடம் வந்தோம். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

வந்த வேகத்தில் பையன் தூணில் சாய்ந்துவிட்டான். நீங்கள் அதட்டவில்லை. கிட்டே வந்து அவன் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்து, "சாயாதே தம்பி. மேலே பாரு, ஒரு பொண்ணு ஆடிக்கிட்டு இருக்கு" என்றீர்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை, வெறும் பழுப்புக் கறைதான். நீங்கள் தூணைத் தொடாமல் காற்றிலேயே விரலால் வரைந்து காட்டினீர்கள். இது இடுப்பு, இது நீட்டிய கை, இது கொண்டை. அதற்குப் பிறகு அவள் மறையவே இல்லை.

அப்புறம் கூரை. சித்தப்பா அந்த இடத்துக்கு ஒதுக்கியிருந்தது இருபது நிமிடம். தாமரைக் குளத்துக்கே அது போதவில்லை. இலைகளுக்கு இடையே மீன், அன்னம், எருமை, யானை. பூப்பறிக்கும் மனிதர்களில் ஒருவர் கையில் கூடை. சமண குருவான தீர்த்தங்கரரின் உபதேசம் கேட்கப் போகும் வழியில் நல்லவர்கள் இறங்கும் குளம் இது என்று நீங்கள் சொன்னபோது பஸ்ஸில் இருந்த சத்தம் எல்லோரிடமும் அடங்கியிருந்தது. "எத்தனை மீன் தெரியுது, எண்ணிச் சொல்லு" என்று பையனிடம் கேட்டீர்கள். சிப்ஸ் பாக்கெட்டை மடித்து ஜேபியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து எண்ணினான். அவன் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் இருந்து நான் பார்த்ததில்லை.

கருவறைக்குள் எங்களை நிறுத்தி, வாயை மூடி 'ம்' என்று இழுக்கச் சொன்னீர்களே, அந்த முழக்கம் இன்னும் என் நெஞ்சுக்குள் இருக்கிறது. அக்கா மகள் குடுமியான்மலையில் விட்டதை அங்கேதான் பிடித்தாள். முன்மண்டபத் தூண்கள் புதுக்கோட்டை சமஸ்தான காலத்தில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்தவை என்று நீங்கள் சொன்னதும், "அப்போ காலையில பாத்த ஊர்தான் கூடவே வந்திருக்கு" என்றாள்.

வெளியே பாறையில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமனின் கல்வெட்டைக் காட்டினீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் இந்தக் கோயிலைப் புதுப்பித்த மனிதர். பெயர் தெரிந்தது அவருடையது. அவருக்குப் பிறகு பார்த்துக்கொண்டவர்களின் பெயர் எங்கே இருக்கிறது? சுவரில் கீறியிருப்பதெல்லாம் கெடுத்தவர்களின் பெயர்கள்தான். ஆணியால் கீறிய அந்தக் காதல் பெயர்களை நீங்கள் ஒன்றும் சொல்லாமல் கடந்து போனதைக் கவனித்தேன். மனது வலித்தது. சாந்து பூசிய சுவரில் ஆயிரத்துக்கும் மேலான வருடம் தங்கிய வண்ணம் அது. எங்கள் முதுகும் வியர்வையும் எண்ணெய்க் கையும் போதும் அதை அழிக்க.

"மேலே ஏறி ஏழடிப்பட்டம் பாக்காம போகாதீங்க" என்றும் நீங்கள்தான் அனுப்பினீர்கள். பதினொரு பேர் ஏறினோம். பாறையில் வெட்டிய குழிகளில் கால் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மலையின் மறுபக்கக் குகைக்குள் போனால் 17 கல்படுக்கைகள். தலைமாட்டில் கல்லிலேயே தலையணை. ஒன்றில் பழைய தமிழ் பிராமி எழுத்து: எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒரு துறவிக்கு இளயர் என்பவர் செய்து கொடுத்த இடம் என்று. கையால் தடவிப் பார்க்க ஆசைதான். பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அத்தை, தொடாதீங்க."

நாங்கள் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. திருமயம் போகவில்லை. நார்த்தாமலையைப் புதுக்கோட்டைச் சாலையில் திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியாகக் கரிய நிழலாகப் பார்த்தோம். அங்கே உள்ள விஜயாலய சோழீச்சரம் கோயில் அந்த இருட்டில் எங்கேயோ இருந்தது. சித்தப்பாவுக்கு வருத்தம். எனக்குத் துளியும் இல்லை. ஐந்து இடத்தையும் ஓடிப் பார்த்திருந்தால் அந்தப் பெண் எங்களுக்கு வெறும் பழுப்புக் கறையாகவே இருந்திருப்பாள்.

சித்திரை விடுமுறையில் மறுபடி வருகிறோம் அண்ணே. இந்த முறை சின்ன வேன், பத்துப் பேர். காலையில் நார்த்தாமலை, அப்புறம் நேரே உங்களிடம். மூன்று மணிக்கு மேல்தான் வெயில் உள்ளே சாயும் என்று சொன்னீர்களே, அதற்குள் வந்துவிடுவோம். எலுமிச்சை சாதம் உங்களுக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வருகிறேன். சாப்பிட்டுக் கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே மேலே ஏறுவோம். பையன் ஒன்பது மீன் என்கிறான். அக்கா மகள் ஏழுதான் என்கிறாள். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
அந்தப் பையனின் அத்தை