பழைய பேஜ்மேக்கருக்காகப் புதுக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றதைப் பற்றி உங்கள் பேப்பரில் வந்த கட்டுரையையும், அதற்குப் பதிலாக வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் படித்தேன். உங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஏறாது, புதுசு வாங்கிவிடுங்கள் என்கிறது கட்டுரை. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போடுங்கள், பைசா செலவில்லை என்கிறார்கள் கடிதம் எழுதியவர்கள். சரி, இரண்டும் நல்ல யோசனைதான், ஆனால் எங்களைப் போல டிடிபி கடையும் சின்ன ஆப்செட் பிரஸ்ஸும் வைத்திருப்பவர்கள் பிழைப்பு எதில் ஓடுகிறது என்று இரண்டு தரப்புமே யோசித்த மாதிரி தெரியவில்லை.

ஊருக்கு ஊர் கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ் அடிக்கிற கடைகளில் இன்னமும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள்தான். அடோபி அதன் 7.0 பதிப்பை 2001-இல் விட்டது, அதற்கு மேல் பெரிய பதிப்பு எதுவும் வரவில்லை. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடான யூனிகோடு அதற்குத் தெரியாது. ஆங்கில எழுத்து உட்கார வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தை வரைந்து வைத்திருக்கிற பழைய ஃபாண்ட்களை வைத்துத்தான் அதில் தமிழ் அடிக்கிறோம். பாமினி என்ற அப்படிப்பட்ட ஃபாண்ட்டில் அடித்த ‘அம்மா’, அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் கன்வர்ட்டர்கள் இருக்கின்றன, ஆனால் அவை எழுத்தை மட்டும்தான் மாற்றும். கட்டம், கோடு, பிள்ளையார் படம், மணமக்கள் பெயர் நிற்கும் அளவு எல்லாம் திரும்ப முதலிலிருந்து போட வேண்டும். பத்து, பதினைந்து வருட வாடிக்கையாளர் ஃபைல்கள் அதில் இருக்கும்போது “விண்டோஸை விட்டுவிடுங்கள்” என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக முடியாது.

அதே சமயம் புதுசு வாங்கு என்பதும் அநியாயம். விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் பிராசசர். நான்காம், ஆறாம் தலைமுறை ஐ3, ஐ5 மெஷின்கள் எட்டு ஜிபி ராமும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டால் இன்னும் பல வருடம் ஓடும். அவற்றில் ஓடும் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் முடிந்துவிட்டது, தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் அதற்கு மேல் கொஞ்ச காலம், அவ்வளவுதான். புது மெஷின் வாங்கி விண்டோஸ் 11 போட்டாலும் பேஜ்மேக்கர் அதில் ஒழுங்காக ஓடும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுவிட்டு அதற்குள் ஒரு விர்ச்சுவல் மெஷின், அதாவது மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர் வைத்து, பழைய விண்டோஸையும் பேஜ்மேக்கரையும் அதற்குள் அடைத்துவிடுவது. வீட்டில் ஒரு அறையைத் தடுத்து வாடகைக்கு விடுவது போலத்தான்: குடியிருப்பவருக்கு அது முழு வீடு, ஆனால் கூடத்துக்கு வரவேண்டுமென்றால் நாம் கதவைத் திறக்க வேண்டும். லினக்ஸின் பார்வையில் அந்த விண்டோஸ் முழுவதும் டிஸ்க்கில் ஒரே ஒரு பெரிய ஃபைல். அதைக் காப்பி எடுத்து எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் வைத்தால் விண்டோஸ், ஃபாண்ட், பேஜ்மேக்கர், செட்டிங் எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். எந்த மெஷின் போனாலும் இன்னொன்றில் அந்த ஃபைலை வைத்து ஓட்டலாம்.

விர்ச்சுவல் மெஷினை ஓட்ட எந்த மென்பொருள் என்று கேட்டால் லினக்ஸ் ஆட்கள் உடனே கேவிஎம் என்பார்கள். தப்பில்லை, 2007-லிருந்து அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, மேலே விர்ட்-மேனேஜர் என்ற ஜன்னலையும் அது கேட்கும் துணைத் தொகுப்புகளையும் போட்டால் போதும், வேகமும் அதில்தான் அதிகம். விண்டோஸ் 10 உள்ளே ஓட்டுபவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பிரஸ் வேலைக்கு உள்ளே இருக்கப் போவது விண்டோஸ் எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 7. அங்கே லினக்ஸ் ஃபோல்டரை உள்ளே காட்டுவது கேவிஎம்மில் பெரிய பாடு. எக்ஸ்பிக்குத் தெரிந்த பழைய ஃபைல் ஷேரிங் முறையை லினக்ஸில் ஃபைல் ஷேரிங்கைப் பார்த்துக்கொள்ளும் இன்றைய சாம்பா முன்கூட்டியே அணைத்து வைத்திருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளில், உள்ளே இருக்கும் விண்டோஸில் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணைத் தொகுப்பைப் போட்டால், இரண்டு பக்கமும் தெரியும் ஷேர்டு ஃபோல்டர் நெட்வொர்க்கே இல்லாமல் வேலை செய்யும். அந்த ஒரு காரணத்துக்காகவே எங்கள் தொழிலுக்கு விர்ச்சுவல்பாக்ஸ்தான் என்பது என் கட்சி.

விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள், அதில் ஒரு நெளிவு உண்டு. இன்னோடெக் என்ற ஜெர்மன் கம்பெனி செய்தது, 2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது, 2010-இல் அந்தக் கம்பெனியையே ஆரக்கிள் வாங்கியது. அடிப்படைத் தொகுப்பு ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் வருகிறது, கடையிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். கூடுதல் வசதிகளுக்கு எக்ஸ்டென்ஷன் பேக் என்று தனியாக ஒன்று இருக்கிறதே, அது சொந்த உபயோகத்துக்கும் கல்விக்கும்தான் சும்மா, தொழிலுக்கு என்றால் உரிமம் வாங்க வேண்டும். முன்பு யுஎஸ்பி 2, 3 வேண்டுமென்றால் அந்த பேக் இல்லாமல் முடியாது. 2022-இல் வந்த 7.0 முதல் யுஎஸ்பி அடிப்படைத் தொகுப்பிலேயே வந்துவிட்டது. அதனால் யாராவது எக்ஸ்டென்ஷன் பேக்கையும் சேர்த்துப் போடச் சொன்னால் கடைக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், நமக்கு அதில் ஒன்றும் இல்லை.

நிறுவும்போது மாட்டிக்கொள்ளும் இடங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். முதலாவது பயாஸ், அதாவது கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது முதலில் போய்ப் பார்க்கக்கூடிய செட்டிங். இன்டெல் மெஷினில் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்றும், ஏஎம்டியில் எஸ்விஎம் மோட் என்றும் ஒரு வரி இருக்கும். பல மெஷின்களில் அது அணைந்தே வருகிறது, போய் ஆன் செய்துவிட்டு வர வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸ் 6.1-லிருந்து அது இல்லாமல் எதுவும் ஓடாது.

அடுத்தது செக்யூர் பூட். இங்கேதான் பாதிப் பேர் வெறுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். விர்ச்சுவல்பாக்ஸ் தன்னுடைய ஒரு துண்டைக் கெர்னலுக்குள் ஏற்ற வேண்டும், செக்யூர் பூட் ஆனில் இருந்தால் கையெழுத்து இல்லாத துண்டைக் கெர்னல் உள்ளே விடாது. உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளில் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும், அது எதற்கென்று தெரியாமல் எதையோ அடித்துவிடுகிறோம். மறுபடி ஆன் செய்யும்போது நீல நிறத்தில் ஒரு திரை வந்து சில நொடிதான் நிற்கும். அதில் ஏதாவது ஒரு கீயை அழுத்தி, என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்தெடுத்து, அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். ஏதோ எர்ரர் என்று நினைத்து அதை அப்படியே தாண்டிவிட்டால் அப்புறம் விர்ச்சுவல்பாக்ஸ் திறக்கும், உள்ளே மெஷின் மட்டும் கிளம்பாது. அந்தத் திரையின் படத்தை ஒருமுறை உங்கள் கம்ப்யூட்டர் பக்கத்தில் போட்டாலே பல பேருக்கு உபகாரம்.

கெர்னல் அப்டேட் ஆன பிறகு ஒருநாள் காலையில் விர்ச்சுவல் மெஷின் கிளம்பாமல் நிற்பதும் இதே துண்டால்தான். புதுக் கெர்னலுக்கு அது திரும்பக் கட்டப்பட வேண்டும், அதற்கு அதைத் தானாகக் கட்டித் தரும் டிகேஎம்எஸ்ஸும் அந்தக் கெர்னலுக்கான ஹெடர்ஸ் தொகுப்பும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். கெர்னல் 6.12 முதல் இன்னொரு புதுத் தொல்லை: கேவிஎம் மாட்யூல் ஏறியவுடனேயே பிராசசரின் விர்ச்சுவலைசேஷன் வசதியைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் வந்து பார்த்தால் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று எர்ரர் காட்டலாம். கேவிஎம் பயன்படுத்தாதவர்கள் அந்த மாட்யூலை ஏறாமல் தடுத்துவிடலாம். முகூர்த்த சீசனில் கெர்னலை அப்டேட் செய்யாதீர்கள், ஆனி ஆவணி கழியட்டும்.

உள்ளே எக்ஸ்பிக்கு ஒரு ஜிபி ராம், இருபது ஜிபி டிஸ்க் தாராளம். விண்டோஸ் 7 என்றால் இரண்டு ஜிபி கொடுங்கள். அப்புறம் முக்கியமானது, நெட்வொர்க் செட்டிங்கில் போய் நாட் அட்டாச்டு, அதாவது எந்த நெட்டிலும் இணையாதபடி வைத்துவிடுங்கள். எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றது 2014 ஏப்ரலில், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில். 2017-இல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியபோது, பாதுகாப்பு அப்டேட் போடாத விண்டோஸ் 7 மெஷின்கள்தான் அதிகம் அடிவாங்கின. கதவைச் சாத்திவிட்டால் நெட் வழியாக வரும் அந்தப் பயம் இல்லை. மெயில், வாட்ஸப் எல்லாம் வெளியே லினக்ஸில். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவையும் லினக்ஸில் திறந்து, வேண்டிய ஃபைலை மட்டும் ஷேர்டு ஃபோல்டரில் போடுங்கள். அதற்கென்று ஒரு தனி ஃபோல்டர் வையுங்கள், ஹோம் ஃபோல்டரை முழுசாகத் திறந்துவிட்டால் அடைத்து வைத்ததற்கே அர்த்தமில்லை.

பிரிண்ட் எப்படி என்று கேட்பார்கள். உள்ளேயிருந்து பிரிண்டரைத் தேடவே வேண்டாம். எக்ஸ்பியில் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழியில் எழுதும் ஏதாவது ஒரு பிரிண்டர் டிரைவரைப் போட்டு, போர்ட் இருக்கும் இடத்தில் ஃபைல் என்று கொடுத்து, அதையே டீஃபால்ட் பிரிண்டராக வையுங்கள். டிரைவரின் செட்டிங்கில் ஃபாண்ட்டைப் பிரிண்டரின் ஃபாண்ட்டால் மாற்றாமல், கூடவே சேர்த்து அனுப்பும்படி குறித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தமிழுக்குப் பதில் அந்த எம், கே, அரைப்புள்ளிதான் வரும். பிரிண்ட் கொடுத்தால் ஃபைல் பெயர் கேட்கும், ஷேர்டு ஃபோல்டரின் இடத்தைக் கொடுத்தால் ஒரு பிஎஸ் (போஸ்ட்ஸ்கிரிப்ட்) ஃபைல் அதில் வந்து விழும். லினக்ஸில் இருக்கிற கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள் அதைப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுக்கும். பிளேட் போடுகிற இடத்துக்கு அந்தப் பிடிஎஃப்பை மெயிலில் அனுப்பிவிடலாம், ஃபாண்ட் இருக்கிறதா என்று அங்கே போன் போட்டுக் கேட்கிற வேலை இல்லை.

எல்லாவற்றுக்கும் இது மருந்து என்று சொல்ல மாட்டேன். ஃப்ளெக்ஸ் போர்டுக்குப் பெரிய போட்டோஷாப் ஃபைல் வைத்து வேலை செய்பவர்கள் விர்ச்சுவல் மெஷினுக்குள் போனால் மவுஸ் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் இழுக்கும். கிராபிக்ஸ் கார்டின் முழுப் பலம் உள்ளே கிடைக்காது. வீடியோ எடிட்டிங்கும் அப்படித்தான். உரிமமும் கவனிக்க வேண்டியது. கம்ப்யூட்டருடன் சேர்ந்து வந்த ஓஇஎம் விண்டோஸ் அந்த மெஷினுக்கு மட்டுமே, அதை விர்ச்சுவல் மெஷினுக்குள் நகர்த்த அந்த உரிமம் இடம் தராது, தனியாகக் கடையில் வாங்கிய பதிப்புதான் வேண்டும். விர்ச்சுவல் மெஷினின் அப்போதைய நிலையைப் பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட் வசதியை பேக்கப் என்று நம்பிவிடாதீர்கள், டிஸ்க் போனால் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்தே போகும். புது வேலைகளை இனிமேல் யூனிகோடில் லினக்ஸிலேயே செய்துவிடுவது நல்லது. ஸ்க்ரைபஸ் என்ற இலவச பக்க வடிவமைப்பு மென்பொருள் 2024 தொடக்கத்தில் வந்த 1.6 பதிப்பில் தமிழ் எழுத்துகளை உடையாமல் சேர்க்கிறது. பழையது உள்ளே, புதியது வெளியே என்று வைத்துக்கொண்டால் சில வருடங்களில் உள்ளே போக வேண்டிய வேலையே குறைந்துவிடும்.

லினக்ஸ் போடச் சொல்லும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஃபார்மேட் செய்யும் முன் கடைக்காரரைக் கேளுங்கள். விண்டோஸ் உரிமம் இடம் தந்தால், மைக்ரோசாஃப்ட்டே தருகிற டிஸ்க்டுவிஹெச்டி என்ற சின்ன புரோகிராம், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸை அப்படியே ஒரு டிஸ்க் ஃபைலாக எடுத்துக் கொடுக்கும். அதில் விஹெச்டிஎக்ஸ் என்ற டிக்கை எடுத்துவிட்டுச் சேமித்தால் விர்ச்சுவல்பாக்ஸ் நேரடியாகத் திறக்கும். திறந்ததும் நீலத்திரை வந்தால் ஸ்டோரேஜ் கண்ட்ரோலரைச் சாட்டாவிலிருந்து ஐடிஇக்கு மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் கிளம்பிவிடும். ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும், பழைய சிடிகளை ஐஎஸ்ஓ என்ற சிடி நகல் ஃபைலாகவும் தனியே எடுத்து வையுங்கள்.

டாங்கிள் என்ற பூட்டுச் சாவிக் கருவியை மாட்டினால்தான் ஓடும் தமிழ் மென்பொருள் வைத்திருப்பவர்கள் அது யுஎஸ்பி வகையா என்று முதலில் பாருங்கள். யுஎஸ்பி என்றால் விர்ச்சுவல்பாக்ஸில் அதை உள்ளே கொடுத்துவிடலாம், லினக்ஸில் உங்கள் பயனர் பெயரை விபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் சேர்த்துவிட்டு ஒருமுறை லாக்அவுட் ஆகி வர வேண்டும். பிரிண்டர் போர்ட்டில் மாட்டும் அந்தக் காலத்து டாங்கிள் என்றால் இந்த வேலையில் இறங்காதீர்கள். அந்தக் கம்ப்யூட்டரை அப்படியே ஓடவிட்டு, நெட் கேபிளை மட்டும் பிடுங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டிடிபி கடைக்காரர்,
கும்பகோணம்