சூரபன்மனை எந்தப் பெட்டிக்குள் அடைப்பது? கொழும்பின் கதை நடத்துநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த நண்பர்களுக்கு,

சென்ற மாதக் கூட்டத்தில் எல்லோர் கையிலும் ஒரு தாள் தரப்பட்டது. வட்டமாகப் பதினாறு பெட்டிகள், நடுவே ஒன்று: நம் விளையாட்டின் பிரபஞ்ச வரைபடமான பெருஞ்சக்கரம். ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டும் நம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில், வரும் தை மாதம் முதல் கொழும்பில் நாம் நடத்தும் மேசைகள் அனைத்தும் ஒரே பிரபஞ்சத்துக்குள் வர வேண்டும், அவரவர் உலகத்துத் தெய்வங்களையும் அசுரர்களையும் உரிய பெட்டியில் எழுதித் தர வேண்டும் என்று தீர்மானித்தீர்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த தம்பி, வட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் 'அபிஸ்' என்று குறித்த, தீமையின் பாதாள உலகத்துக்கான பெட்டிக்குள் பென்சிலால் 'சூரபன்மன்' என்று எழுதினார். "சரிதானே அக்கா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

உலகங்களை இணைக்க வேண்டும் என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். 2022இன் மின்வெட்டு மாதங்களில் வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில் ஐந்து பேர் ஒரு சார்ஜ் விளக்கைச் சுற்றி அமர்ந்து விளையாடினோம். பகடை மேசையிலிருந்து உருண்டு விழுந்தால் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் நாற்காலிக்குக் கீழே தேடுவோம். இருபது விழுந்ததா, ஒன்று விழுந்ததா என்று நால்வர் ஒரே நேரத்தில் குனிவார்கள். அந்த ஐவரில் இருவர் இன்று இந்த ஊரில் இல்லை. கொழும்பில் ஒரு மேசை கலைவது விளையாட்டு அலுத்துப்போவதால் அல்ல, யாருக்காவது விசா வந்துவிடுவதால். மூன்று வருடம் வளர்த்த பாத்திரம் அப்படியே அந்தரத்தில் நின்றுவிடும். அந்தப் பாத்திரம் இன்னொருவர் மேசைக்கு நடந்து போக ஒரு வழி வேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயமானது. என் ஆசையும் அதுவே.

என் மறுப்பு அந்தச் சக்கரத்தைப் பற்றியது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பெருஞ்சக்கரத்தை 1977இல் கேரி கைகாக்ஸ் ஒரு சஞ்சிகைக் கட்டுரையில் முதலில் வரைந்தார். அடுத்த ஆண்டு அது ஆட்டக்காரர் கையேட்டின் பின்னிணைப்பில் ஏறியது. 1987இல் ஜெஃப் கிரப் அதற்குத் தனி நூலே எழுதினார். ஒழுங்கு ஒரு பக்கம், குழப்பம் எதிர்ப்பக்கம், நன்மை மேலே, தீமை கீழே என்று நாம் அலைன்மென்ட் என்று சொல்லும் அந்தக் கணக்கின்படிதான் பதினாறு உலகங்களும் நிற்கின்றன. இறந்த உயிர் தன் கணக்குக்கு ஒத்த உலகத்துக்குப் போய்ச் சேரும். அதாவது அந்த வட்டம் வெறும் வழிகாட்டும் வரைபடம் அன்று. யார் நல்லவர், யார் தீயவர், அவர் எங்கே போய் முடிவார் என்ற தீர்ப்பும் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

இப்போது தம்பியின் பென்சிலுக்கு வருகிறேன். என் தாத்தா யாழ்ப்பாணத்தில் கோயில்களில் கந்தபுராணத்துக்குப் பயன் சொன்னவர். ஒருவர் செய்யுளைப் படிப்பார், தாத்தா அதை விரித்துச் சொல்வார். கதை நடத்துவது என்றால் என்ன என்பதை நான் முதலில் கண்டது அந்த மண்டபத்தில்தான். கச்சியப்பரின் சூரபன்மன் கடுந்தவம் செய்து, ஆயிரத்தெட்டு அண்டங்களையும் நூற்றெட்டு யுகம் ஆளும் வரத்தைச் சிவனிடமே பெற்றவன். அந்த வரம் திருட்டு அல்ல, அவன் உழைத்துப் பெற்றது. பிறகு கொடுங்கோலன் ஆகிறான். போர் நடுவே முருகனின் பேருருவத்தைக் கண்டு, பாலன் என்று நினைத்திருந்தேனே என்று உருகுகிறான். அந்தக் காட்சி மறைந்ததும் மறுபடி சினம் கொள்கிறான். கடைசியில் மாமரமாகி நின்று, வேலால் பிளவுபட்டு, சேவலும் மயிலும் ஆகிறான். சேவல் கொடியில் ஏறுகிறது, மயில் வாகனம் ஆகிறது. இந்த உயிரை எந்தப் பெட்டியில் எழுதுவீர்கள்? தவம் செய்தபோது ஒன்று, ஆண்டபோது இன்னொன்று, உருகிய அந்த ஒரு கணத்தில் வேறொன்று. எதிரியே வாகனமாகும் முடிவுக்குப் பெருஞ்சக்கரத்தில் ஓர் இடம்கூட இல்லை.

சூரன் போரில் அந்த உருவத்தைத் தோளில் தூக்கி ஆட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தலை மாற்றி மாற்றி வைக்கப்படும், உடல் ஒன்றேதான். பெட்டிக்குள் அடைத்தால் தலை மாற்ற முடியாது.

இது நம் கதைக்கு மட்டும் உள்ள சிக்கலும் அல்ல. என் மேசையில் விளையாடும் சிங்கள நண்பரின் துறவிப் பாத்திரம் வளர்ந்த பௌத்த மரபில் முப்பத்தொரு உலகங்கள் உண்டு. அங்கே தேவர்களும் வினை தீர்ந்ததும் இறந்து வேறிடத்தில் பிறக்கிறார்கள். ஒரு தேவனுக்கு நிரந்தர முகவரி எழுதித் தாருங்கள் என்று அவரிடம் கேட்டால் அவர் என்ன எழுதுவார்?

இந்த விளையாட்டின் ஆசிரியர்களே இதில் முட்டி மோதியிருக்கிறார்கள். 1989இல் ஸ்பெல்ஜாமர் என்ற கதையுலகம் கப்பல்களால் உலகங்களை இணைத்தது. ஒவ்வொரு உலகமும் ஒரு பளிங்குக் கோளத்துக்குள் தன் போக்கில் இருந்தது. 1991இல் வந்த டார்க் சன், தெய்வங்களே இல்லாத பாலை உலகம். 2001இல் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கதையுலகம் சக்கரத்தை விட்டு விலகி உலக மரத்தில் ஏறிக்கொண்டது. 2004இல் வந்த எபெரோன் என்ற கதையுலகம் தனக்கென்று பதின்மூன்று உலகங்களைக் கோள்கள்போலச் சுற்றவிட்டது. 2008இன் நான்காம் பதிப்பு சக்கரத்தையே கழற்றி வைத்தது, 2014இன் ஐந்தாம் பதிப்பு திரும்ப மாட்டியது. 2019இல் எபெரோன் நூல், அந்த உலகம் பெருஞ்சக்கரத்துக்குள் இருக்கிறது என்றும், ஆனாலும் அதிலிருந்து அடைபட்டுத் தனித்தே நிற்கிறது என்றும் ஒரே மூச்சில் சொன்னது. உலகம் ஒன்று சக்கரத்துக்குள் பொருந்தவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? 2014இன் நடத்துநர் கையேடு வேறு அமைப்புகளையும் எடுத்துச் சொல்லி, உங்கள் பிரபஞ்சத்தை நீங்களே அமையுங்கள் என்கிறது. சக்கரத்தைக் கட்டாயமாக்குவது நம் தீர்மானம் மட்டுமே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தெய்வங்கள் பற்றி இந்த விளையாட்டுக்காக 1980இல் வந்த நூலில் இந்திரன், அக்கினி, காளியோடு கார்த்திகேயனும் இருக்கிறார். மற்ற நாட்டுத் தெய்வங்களைப் போலவே அவருக்கும் எத்தனை அடி தாங்குவார் என்ற உயிர்ப்புள்ளியும், அவரை அடிப்பது எவ்வளவு கடினம் என்ற கவச எண்ணும் தரப்பட்டிருக்கின்றன. எழுதியவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, தூரத்திலிருந்து படித்ததை வைத்து எழுதினார்கள். நாம் தூரத்தில் இல்லையே. நல்லூரும் கதிர்காமமும் இருக்கிற நாட்டில் இருந்துகொண்டு நம் கையாலேயே அதைச் செய்வது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. சக்கரத்தை விட்டுவிட்டு ஒரு துறைமுகத்தை அமைப்போம். பிளேன்ஸ்கேப் என்ற கதையுலகின் சிகில் நகரத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி, எந்தத் தெய்வமும் அதற்குள் நுழைய முடியாது என்பது. அந்த ஒரு விதியை எடுத்துக்கொள்வோம். நம் துறைமுகத்தில் எல்லா உலகத்து ஆட்களும் இறங்கலாம், பேரம் பேசலாம், மேசை மாறலாம். அவர்களுடைய தெய்வம் எங்கே இருக்கிறது, செத்தவர் எங்கே போகிறார் என்பதை அந்தந்த மேசை தன் உலகத்துக்குள் சொல்லிக்கொள்ளட்டும். கப்பல் வேண்டுமென்றால் கந்தபுராணத்திலேயே இருக்கிறது: சூரன் அண்டங்கள் தோறும் சென்றுவர வரத்தோடு பெற்ற இந்திரஞாலத் தேர். ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்கு வேல் வருகிறது, தங்குகிறது, திரும்பிப் போகிறது. இரண்டு கோயிலையும் ஒன்றாக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. வழி மட்டும் திறந்திருக்கிறது.

அடுத்த கூட்டத்துக்கு அந்தத் துறைமுகத்தின் வரைபடத்தைக் கொண்டு வருகிறேன். மெல்பேர்னுக்குப் போன நண்பரின் கப்பலோட்டிப் பாத்திரம் முதல் ஆளாக அங்கே இறங்கட்டும், நண்பர் சம்மதம் தந்துவிட்டார். தம்பி, நீங்கள் அந்தத் தாளோடு ஓர் அழிறப்பரையும் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை ஞாயிறு மேசையை நடத்தும் உங்கள் அக்கா