குளியலறையில் டைல்ஸ் கடைசி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீடுகளில் குளியலறையைப் புதுப்பிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை என் மருமகள் வெட்டி எடுத்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். நான்கு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் நானும் அதன்படியே செய்து தொலைத்திருப்பேன். இப்போது வேலை முடிந்து, கையும் சுட்டுக்கொண்ட பிறகு படித்ததால் இந்தக் கடிதம்.

நான் அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பள்ளத்தூரில் எங்கள் அய்யா காலத்து வீட்டில், எங்கள் பங்கில் குடியிருக்கிறோம். என்னைப் பெற்ற ஆத்தாவுக்கு 84 வயது. செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் முகப்பையும் வளவையும் (உள்முற்றம்) தேக்குத் தூணையும் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கிழவி பட்டாலைத் திண்ணையிலிருந்து எழுந்து, வளவைத் தாண்டி, பின்பகுதியான இரண்டாங்கட்டைத் தாண்டி, தோட்டத்துக் கதவைத் திறந்துகொண்டு கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பது எந்தப் படத்திலும் வராது. போன ஆடியில் அப்படிப் போகும்போது படியில் கால் இடறி விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம், குளியலறை வீட்டுக்குள்ளே வர வேண்டும் என்று.

இடம் கிடைப்பது கஷ்டமாக இல்லை. இரண்டாங்கட்டின் மூலையில் வெந்நீர் அடுப்பும் செப்பு அண்டாவுமாக ஓர் அறை சும்மா கிடந்தது. எட்டடிக்கு ஆறடி. (அந்த அண்டாவை வெளியே எடுத்த மறுநாளே காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் வாசலில் நின்றார். யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.)

உங்கள் கட்டுரை, முதலில் ஷோரூமுக்குப் போய் டைல்ஸைத் தேர்ந்தெடுத்து அதற்கேற்ற நிறத்தில் மற்றதை வாங்கச் சொல்கிறது. நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். காரைக்குடியில் ஒரு பெரிய கடை. டைல்ஸுக்குப் பேர்போன குஜராத்தின் மோர்பியிலிருந்து புது லோடு வந்திருக்கிறது என்று ஏசி அறையில் உட்காரவைத்து, குளிர்பானம் கொடுத்து, ஒரு மணி நேரம் டைல்ஸாகக் காட்டினார்கள். டைல்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தபோது, ஆபர் இன்றோடு முடிகிறது என்று ஒரு கமோடைத் தலையில் கட்டிவிட்டார்கள். கழிவுக் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

கமோடில் இரண்டு வகை உண்டு. எஸ் டிராப் என்றால் கழிவு தரைக்குள் இறங்கும். பி டிராப் என்றால் பின்பக்கச் சுவர் வழியாக, தரையிலிருந்து சுமார் ஏழு அங்குல உயரத்தில், வெளியே போகும். எஸ் டிராப்பிலும் சுவரிலிருந்து குழாயின் நடுப்புள்ளி வரை ஒன்பது அங்குலம், பன்னிரண்டு அங்குலம் என்று அளவுகள் உண்டு. முடித்த சுவரிலிருந்து அளக்க வேண்டும். பூச்சும் டைல்ஸும் ஏறுவதற்கு முன்னால் அளந்தால் ஒன்றரை அங்குலம் உதைக்கும். இந்த விவரம் தெரியாமல் கமோடு வாங்குவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குகிற மாதிரி. நான் வாங்கினேன்.

வண்டியிலிருந்து இறக்கியதைக் கொத்தனார் ஒரு பார்வை பார்த்தார். "இது தரைக்குள்ள இறங்குற மாடலுங்க. இதை வைக்கணும்னா அறையை முக்கால் அடி தூக்கணும்" என்றார். படியில் விழுந்த கிழவிக்காகக் கட்டுகிற குளியலறைக்கு முக்கால் அடியில் ஒரு படி! அவர்தான் வழியும் சொன்னார். நம் பக்கத்து வீடுகள் எல்லாம் உயர்ந்த அடித்தளத்தில் நிற்பவை. உள்தரையைவிடத் தோட்டம் மூன்றடி பள்ளம். பி டிராப் வாங்கிப் பின்சுவரில் ஒரே ஒரு துளை போட்டால், நான்கு அங்குலக் குழாய் நல்ல வாட்டத்தோடு (சரிவோடு) செப்டிக் டேங்குக்கு ஓடிவிடும். தரையை உயர்த்தவே வேண்டாம்.

கடைக்காரர் கமோடைத் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். பில்லில் மாடல் பெயர் மட்டும்தான் இருந்தது, எந்த டிராப் என்றோ எத்தனை அங்குலம் என்றோ இல்லை. நான் சொன்னதற்கும் கேட்டதற்கும் சாட்சி கிடையாது. உங்கள் கட்டுரையில் கடைகளுக்கு ஒரு வரி சொல்லியிருக்கலாம், இந்த இரண்டு விவரத்தையும் பில்லில் எழுதச் சொல்லி.

அப்புறம் சுவர். எங்கள் வீட்டுச் சுவர் இரண்டடி கனம், செங்கல்லும் சுண்ணாம்பும். மேலே முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பூச்சு, இன்னமும் கன்னம் மாதிரி வழவழப்பாக இருக்கிறது. அதைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டலாம் என்று கட்டுரை போகிற போக்கில் சொல்கிறது. தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருப்பது. மேலே சிமெண்டால் மூச்சை அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி, வேறு எங்கேயாவது உப்புப் பூத்துக்கொண்டு வரும். இதில்லாமல் வீடு என் ஒருவனுடையதும் இல்லை. பங்காளிகளிடம் வாட்ஸ்அப்பில் கேட்டபோது, கோலாலம்பூரில் இருப்பவர் குளியலறைக்குச் சரி சொல்லிவிட்டு, "பூச்சில் மட்டும் கை வைக்காதே" என்று தனியாக ஒரு ஆடியோ அனுப்பினார். அவர் வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது என்பது வேறு விஷயம்.

சரி, என்ன செய்தோம் என்றால், பழைய சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி உட்பக்கமாக நாலரை அங்குலச் செங்கல் சுவர் எழுப்பினோம். இடைவெளியில் மேலே காற்றுப் போக வழி வைத்தோம். குழாய்க்குக் காடி வெட்டியது, பூசியது, டைல்ஸ் ஒட்டியது எல்லாம் புதுச் சுவரில். பழைய சுவரில் அந்த ஒரு துளையோடு சரி. அறையில் நாலு பக்கமும் அரையடிக்குக் கொஞ்சம் மேலேயே போயிற்று. எட்டுக்கு ஆறு, ஏழுக்கு ஐந்தைவிடவும் கொஞ்சம் சிறிதாயிற்று. வருத்தமில்லை.

வெந்நீருக்குச் சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய், மற்றதற்கு யுபிவிசி குழாய். சுவருக்குள் போகிற குழாய்களை மூடுவதற்கு முன்னால் பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி ஒரு நாள் அப்படியே விட்டோம். ஒரு குழாய் முட்டியில் (இணைப்பில்) கசிந்தது. டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. குழாய் போகிற இடங்களை டேப்பை விரித்துவைத்துப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். பின்னால் ஆணி அடிக்கிறவன் பார்த்து அடிக்கட்டும். கீசருக்குத் தனி லைன், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே விழுந்து கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்சு. இதில் பேரம் பேசவில்லை.

தரைக்கு வருகிறேன். அறை முழுக்க ஆத்தங்குடிக் கல் (எங்கள் பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூப்போட்ட தரைக் கல்) பதித்தால் செட்டிநாட்டு மணம் வீசும் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஆத்தங்குடிக்கு எதிரியல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் நிறக் குழம்பை ஊற்றி, அச்சைக் கை நடுங்காமல் தூக்குவதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. ஆனால் அது சூளையில் சுட்ட கல் இல்லை. சிமெண்டும் மணலும் நிறமும் சேர்ந்து தண்ணீரில் இறுகியது. 2011-ல் தோட்டத்துக் குளியலறைக்கு ஆசை ஆசையாக அதைத்தான் போட்டேன். கழுவ வந்த அம்மாள் வாராவாரம் ஆசிட் ஊற்றினார். ஆசிட் சிமெண்டைத் தின்னும். இரண்டே வருஷத்தில் பூவெல்லாம் மங்கி மணல் தெரிந்தது. மிச்சம் இருந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் பட்டால் கண்ணாடி மாதிரி வழுக்கியது. ஆளோடி, வளவு, கூடம் என்று காய்ந்த இடத்தில் போடுங்கள், நூறு வருஷம் நிற்கும்.

இந்தத் தடவை ஓரடிச் சதுரத்தில் சொரசொரப்பான மேட் டைல்ஸ். கடையில் இரண்டடி டைல்ஸைத்தான் தள்ளிவிடப் பார்த்தார்கள், இடுக்கு குறைவாம். பெரிய டைல்ஸ் வாட்டத்துக்கு வளைந்து கொடுக்காது. தண்ணீர் வெளியேறும் ஓட்டையை நோக்கி நாலு பக்கமும் சரிய வேண்டிய இடத்தில் ஒரு மூலை தூக்கிக்கொண்டு தண்ணீர் தேங்கும். எங்கள் கொத்தனார் ஷவருக்குக் கீழே அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வைத்தார். டைல்ஸ் ஒட்டும் முன் என் பேரனிடம் ஒரு கோலிக்குண்டை வாங்கி மூலைக்கு மூலை உருட்டினார். மூன்று மூலையிலிருந்து உருண்டு ஓட்டைக்கு வந்தது. நாலாவது மூலையில் கொஞ்சம் யோசித்து நின்றுவிட்டது. அந்த இடத்தை மட்டும் சுரண்டி மறுபடி பூசினார். வாசலில் படி கிடையாது. அரை அங்குல இறக்கம் மட்டும்தான். தண்ணீர் வெளியே வரவில்லை.

டைல்ஸ் வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் ஷேடு நம்பர் (நிறத்துக்கான எண்) ஒன்றுதானா என்று பார்த்து, பத்தில் ஒரு பங்கு கூடுதலாக ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும். குறைந்ததே என்று பிறகு போனால் அதே பெயரில் வேறு நிறம் கொடுப்பார்கள். கட்டுரை சிபாரிசு செய்த கறுப்புக் குழாய்களைப் பற்றி ஒரு வார்த்தை: எங்கள் போர் தண்ணீர் உப்பு. கறுப்புக் குழாயில் பத்தே நாளில் திருநீறு பூசிய மாதிரி ஆகிவிடும். குரோம் பூச்சிலும் உப்புப் படியும், ஆனால் அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது. கையில் தூக்கிப் பாருங்கள், கனமாக இருந்தால் பெரும்பாலும் உள்ளே பித்தளை.

கைப்பிடிக் கம்பி எந்த உயரத்தில் வேண்டும் என்பதற்கு ஆத்தாவையே அழைத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்து, எழுந்திருக்கச் சொல்லி, கை தானாகப் போய்ப் பிடிக்கிற இடத்தில் கொத்தனார் சாக்பீஸால் கோடு போட்டார். நான் டேப்பை நீட்டியபோது, "ஏண்டா, கம்பிக்கு அளக்கிறியா, பெட்டிக்கு அளக்கிறியா?" என்றார் ஆத்தா. கொத்தனார் சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கதவு இரண்டே முக்கால் அடி அகலம், வெளிப்பக்கம் திறக்கிறது. உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர்கள் உடம்பே அடைத்துக்கொள்ளும்.

இருபத்தாறு நாள் வேலை. 2011-ல் மிஞ்சிய ஆத்தங்குடிக் கல் 22 பரணில் கிடந்தது. அதைக் கதவுக்கு வெளியே, துணி மாற்றுகிற பெஞ்சுக்கு அடியில், சொட்டுத் தண்ணீர் படாத இடத்தில் பதித்திருக்கிறோம். வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள்.

கடைக்காரர் எடுத்துக்கொள்ளாத கமோடு அட்டைப் பெட்டியோடு தோட்டத்துக் கொட்டகையில் இருக்கிறது. வெள்ளை நிறம், எஸ் டிராப், ஒன்பது அங்குலம். பள்ளத்தூர் பக்கம் யாருக்காவது அளவு சரியாக இருந்தால், முடித்த சுவரிலிருந்து அளந்துகொண்டு வரட்டும். பாதி விலைக்குத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர்,
பள்ளத்தூர்.