பெரியம்மாவால வாங்க முடியாத கடை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, மலைப்பொருளை ஆன்லைன்ல வெச்சாலும் நம்ம ஜனங்க வாங்க மாட்டேங்குறாங்க, விலை கம்மியா இருந்தா போதும்னு நினைக்குறாங்கனு. படிச்சதுல இருந்து மனசு ஆறல. எனக்கு ஊரு கொடைக்கானல் பக்கத்துல பூம்பாறை. எங்களையும் சேத்து 6 குடும்பம் மலைப்பூண்டு போடுறோம், தாண்டிக்குடி பக்கம் இருக்குற சொந்தக்காரங்க காபியும் மிளகும் தர்றாங்க, எல்லாத்தையும் ஒண்ணா ஒரு வெப்சைட்ல வெச்சு 2 வருசமா வித்துட்டு இருக்கோம். ஜனங்க வராம இல்லைங்க. வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறாங்க, கடைய அப்படிக் கட்டி வெச்சிருக்கோம்.

மொத வருசம் சைட்ல பொருளைத் தேர்ந்தெடுத்துக் கூடையில (கார்ட்ல) போட்டவங்க நெறய, காசு கட்டுனவங்க பத்துல ரெண்டு பேர் கூட இல்ல. டென்மார்க்ல பேமார்ட்னு ஒரு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, அவங்க சேத்து வெச்ச கணக்குப்படி உலகம் பூராவுமே கூடையில போட்டவங்கள்ல சுமாரா 10க்கு 7 பேர் வாங்காமப் போயிடுறாங்களாம், அதுக்குச் சொல்ற காரணத்துல கடைசி நேரத்துல ஏறுற கூரியர் சார்ஜ் மாதிரி செலவுதான் முதல்ல நிக்குது. சைட் பண்ணிக் குடுத்த கம்பெனிகிட்ட கேட்டேன், விளம்பரத்துக்கு இன்னும் காசு போடுங்கனாங்க. போட்டோம். வர்றவங்க கூடுனாங்க, அதே மாதிரி போறவங்களும் கூடுனாங்க.

அப்புறம் ஒருநாள் வத்தலக்குண்டுல பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப, அவங்க போனக் குடுத்து நம்ம கடையில அரைக்கிலோ பூண்டு வாங்குங்க பெரியம்மா, நான் வாயே திறக்க மாட்டேன்னு சொல்லிப் பக்கத்துல உக்காந்தேன். அவங்க போன் 4 வருசப் பழசு, கண்ணாடி போட்டாத்தான் தெரியும், ஆனா வாட்ஸப்ல எல்லாருக்கும் காலை வணக்கம் அனுப்புறவங்க, போன் தெரியாதவங்க இல்ல.

மொதல்ல ஏரி போட்டோ வந்துச்சு. பெரிய போட்டோ, தானா நகர்ந்து நகர்ந்து போகும், கம்பெனிக்காரங்க ரொம்ப ஆசையா வெச்சது. அது முழுசா வர்ற வரைக்கும் பெரியம்மா வெறும் வெள்ளைத் திரையவே பாத்துட்டு இருந்தாங்க. அப்புறம் தேடுற கட்டத்துல "வெள்ளப்பூண்டு"னு அடிச்சாங்க, ஒண்ணும் இல்லைனு வந்துச்சு. ஏன்னா நாங்க வெச்ச பேரு "பிரீமியம் ஹில் கார்லிக்", அதுவும் இங்கிலீஷ் எழுத்துல. ஒரு வழியா கண்டுபிடிச்சுத் தொட்டா விலை மட்டும் இருக்கு, எத்தன கிலோவுக்கு அந்த விலைனு கீழ எங்கேயோ மெல்லிசா சாம்பல் கலர் எழுத்துல இருக்கு. "ஏத்தா, இது காக்கிலோவுக்கா ஒரு கிலோவுக்கா"னு கேட்டாங்க, நான் பேசலை. அடுத்து அக்கவுண்ட் தொடங்கச் சொல்லுது, பாஸ்வேர்டுல ஒரு பெரிய எழுத்து, ஒரு நம்பர், ஒரு குறி இருக்கணுமாம். 3 தடவ சிவப்புல திட்டுச்சு. அதுவும் தாண்டி ஓடிபி வந்துச்சு, அதப் பாக்க மெசேஜுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தா பக்கம் மறுபடி மொதல்ல இருந்து லோடு ஆகி அடிச்சது எல்லாம் காணோம். அவங்க போன கீழ வெச்சுட்டு, "நான் வடுகபட்டி சந்தைக்கு ஆள் அனுப்பி வாங்கிக்கிறேன், உன் கடைய நீயே வெச்சுக்க"னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. கூரியர் சார்ஜ் வரைக்கும் கூட அவங்க போகல.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. எங்க அப்பாகிட்ட பூண்டு வாங்க யாராவது வந்தா அவரு என்ன பண்ணுவாரு? கையில எடுத்துக் குடுப்பாரு, நல்லா காஞ்சதா பாத்துக்கங்கம்பாரு, கிலோ இவ்வளவும்பாரு, அவ்வளவுதான். வாங்க வந்தவங்கள நிப்பாட்டி வெச்சு உங்க பேருல ஒரு பாஸ்வேர்டு சொல்லுங்கனு கேப்பாரா? திரையில மட்டும் ஏன் நாம அப்படிக் கேக்குறோம்?

இந்த வடிவமைப்பு விசயத்துல பேர் பெற்ற ஜேக்கப் நீல்சன்ங்குறவரு, 5 பேர உக்கார வெச்சுப் பாத்தாலே பெரும்பாலான தப்பு தெரிஞ்சிடும்னு 2000ல எழுதியிருக்காரு. நான் 5 பேர்கிட்ட உக்காந்தேன், அதுல ஒரு ஆட்டோ டிரைவர், ஒரு டீச்சர், திண்டுக்கல்ல படிக்குற தம்பி. அத்தன பேரும் அதே எடங்கள்ல தான் தடுக்குனாங்க. சாம்பல் எழுத்து படிக்க முடியலனு அந்தச் சின்னப் பையனே சொன்னான். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னாடி இருக்குற கலருக்கும் குறைஞ்சது 4.5க்கு 1ங்குற அளவுல வெளிச்ச வித்தியாசம் (கான்ட்ராஸ்ட்) வேணும்னு உலக அளவுல ஒரு வழிகாட்டு விதியே இருக்கு, எங்க சைட்ல பாதி எழுத்து அதுக்குக் கீழ.

கம்பெனிய விட்டுட்டு வேற ஒரு பொண்ண வெச்சு ஒவ்வொண்ணா மாத்துனோம். ஏரி போட்டோவ எடுத்தாச்சு, அந்த எடத்துல உள்ளங்கையில பூண்டு வெச்சு ஒரு போட்டோ, கை இருந்தாத்தான் பல்லு எவ்வளவு பெருசுனு தெரியும். போட்டோ எல்லாத்தையும் வெப்பி (WebP)ங்குற, எடம் கம்மியா புடிக்குற ஃபார்மேட்டுக்கு மாத்திச் சுருக்குனோம், எங்க ஊரு சிக்னல்லயே இப்ப சட்டுனு வருது. விலை பக்கத்துலயே "அரைக்கிலோ"னு அதே அளவு எழுத்துல. அக்கவுண்ட் வேணாம், பேரும் போன் நம்பரும் போதும், நம்பர் அடிக்குற கட்டத்துல தொட்டா நம்பர் கீபோர்டே வரும். பின்கோடு மொதல்லயே கேட்டு, கூரியர் எவ்வளவு, எத்தன நாளுனு அங்கேயே சொல்லிடுறோம்.

தேடுறதுக்குத்தான் ரொம்ப நாள் ஆச்சு. நம்ம ஜனங்க ஒரு பொருளுக்கு எத்தன பேர் வெச்சிருக்காங்க பாருங்க, பூண்டு, வெள்ளப்பூண்டு, வெள்ளைப்பூண்டு, மலைப்பூண்டு, சிலர் உள்ளிப்பூண்டும்பாங்க, இதையே இங்கிலீஷ் எழுத்துல ஆளுக்கு ஒரு மாதிரி அடிப்பாங்க. சீசனுக்குப் போடுற அவகேடோவ எங்க பக்கம் பட்டர் ஃப்ரூட்டும்பாங்க, வெண்ணெய்ப்பழம்னும் தேடுறாங்க. எதுவும் கிடைக்கலைனு வந்த தேடலை எல்லாம் வாரவாரம் எடுத்துப் பாத்து அந்தப் பேரையும் சேத்துக்கிட்டே வர்றோம். அது மாதிரி முகவரிக் கட்டம். கதவு எண், தெருப் பேரு ரெண்டும் போட்டாத்தான் விடும்னு வெச்சிருந்தாங்க, கவுஞ்சி, கிளாவரை மாதிரி எங்க மலைக் கிராமங்கள்ல தெருப் பேருக்கு எங்க போறது? இப்ப "பக்கத்துல என்ன இருக்கு"னு ஒரு கட்டம், அதுல கோயிலோ ரேசன் கடையோ போட்டாப் போதும்.

இன்னொண்ணு எழுதியே ஆகணும். பழைய கம்பெனிக்காரங்க "இன்னும் 2 பாக்கெட்தான் பாக்கி"னு எப்பவும் காட்டலாம், நேரம் முடியப் போகுதுனு ஓடுற கடிகாரம் வெக்கலாம், நன்கொடை 10 ரூபாய்க்கு டிக் போட்டே வெச்சுடலாம்னு சொன்னாங்க. குடோன்ல மூட்டை மூட்டையா பூண்ட வெச்சுக்கிட்டு 2 பாக்கெட்னு பொய் சொல்ல எங்களுக்கு மனசு வரல. பின்னாடிதான் தெரிஞ்சுது, மத்திய அரசு 2023 நவம்பர் 30ல இந்த மாதிரி ஏமாத்து வடிவமைப்புக்கு எதிரா வழிகாட்டு விதி போட்டு 13 வகைய வரிசைப்படுத்தியிருக்கு, பொய் அவசரம், கூடையில தெரியாம நுழைக்குறது, கடைசியில விலைய ஏத்துறது எல்லாமே அதுல இருக்கு. 2020 மின்வணிக விதியும், புகார் வந்தா 48 மணி நேரத்துக்குள்ள கிடைச்சதுனு சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீக்கணும்னு சொல்லுது. வாசகர்கள் இத எல்லாம் தெரிஞ்சுக்கணும், 1915ங்குற நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் போட்டுப் புகாரும் சொல்லலாம்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சுது. அந்தப் பேர வெச்சு எங்கேயோ விளைஞ்சத விக்குறாங்கனு எல்லாரும் வருத்தப்படுறோம் சரி, ஆனா நம்ம கடையில எந்த ஊரு பூண்டு, எந்த மாசம் புடுங்குனது, எப்ப அனுப்புவோம், மழையில மலைப்பாதை அடைச்சா எத்தன நாள் தள்ளும்னு எழுதலைனா வாங்குறவங்க எத வெச்சு வித்தியாசம் கண்டுபிடிப்பாங்க? குறியீடு வாங்குனவங்க அத்தன பேர் கடையும் இப்படிப் பாக்கணும். கொடைக்கானல்லயே அன்னை தெரசா பெண்கள் பல்கலைக்கழகம் இருக்கு, அங்க கம்ப்யூட்டர் படிக்குற பொண்ணுங்க புராஜெக்ட்டா இத எடுத்துக்கிட்டு, மகளிர் குழு கடைங்களுக்கு 5 பேர உக்கார வெச்சுப் பாத்துக் குடுத்தா எவ்வளவு நல்லா இருக்கும், நீங்க இத உங்க இதழ்ல எழுதிக் கேக்கணும்.

எங்ககிட்ட இன்னும் ஒரு கோளாறு மிச்சம் இருக்கு. காசு வங்கியில கழிஞ்சிடும், எங்க பக்கம் ஆர்டர் வராது, வாங்குனவங்க பதறிப்போய் போன் போடுறாங்க. யூபிஐல அப்படி ஆனா 5 நாளுக்குள்ள தானா திரும்பி வரணும், அதுக்கு மேல ஆனா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடுனு ரிசர்வ் வங்கி 2019லயே சொல்லியிருக்கு, அத அந்தப் பக்கத்துலயே தமிழ்ல எழுதிப் போன் நம்பரையும் வெச்சோம், பயம் கொறஞ்சிருக்கு, கோளாறு போகல. இத முழுசாத் தீத்த சின்னக் கடைக்காரங்க யாராவது உங்க வாசகர்கள்ல இருந்தா எப்படிப் பண்ணாங்கனு அடுத்த இதழ்ல எழுதச் சொல்லுங்க. பெரியம்மா போன வாரம் ஒரு கிலோ ஆர்டர் போட்டாங்க, அவங்களுக்கும் இதேதான் ஆச்சு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பூம்பாறை, கொடைக்கானல்