உலக்கைக்கு நிழல் இல்லாத சனிக்கிழமை

18.04.2020, இரவு

அன்புள்ள மகளுக்கு,

இங்கே அனைவரும் நலம். நேற்று இரவு நீ பணி முடிந்து பேசியபோது, "பள்ளியிலிருந்து அனுப்பிய கால அட்டவணைப்படி பிள்ளைகள் படிக்கிறார்களா அம்மா?" என்று கேட்டாய். "படிக்கிறார்கள்" என்று ஒரே சொல்லில் சொல்லி முடித்துவிட்டேன். அது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. களைத்துப்போன உன் குரலைக் கேட்டுக்கொண்டே விளக்கம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் இன்றைய ஒரு நாள் எப்படிப் போனது என்பதை மட்டும் எழுதுகிறேன். தபால் எப்போது வந்து சேரும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாததால், பிள்ளைகள் தூங்கியபின் உன் அப்பா இதைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்.

முதலில் அந்த அட்டவணையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மார்ச் 17-இல் பள்ளிகளை மூடியதும் நீ பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து விட்டாய். 24-ஆம் தேதி இரவிலிருந்து ஊரடங்கு. மறுநாளே ஒன்பதாம் வகுப்பு வரை அனைவரும் தேர்ச்சி என்று அறிவித்துவிட்டார்கள். அன்று முதல் சின்னவன் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பாஸ் போட்ட பிறகு எதற்கு அம்மாச்சி படிக்க வேண்டும்?" முப்பத்திரண்டு ஆண்டுகள் நடுநிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் நடத்திய எனக்கு இதற்கு உடனடியாகப் பதில் வரவில்லை. இருந்தாலும் இரண்டு வாரம் அட்டவணையைப் பின்பற்றிப் பார்த்தேன். ஐந்து அங்குலத் திரையில் பதினான்கு பக்கப் பயிற்சித்தாளைத் திறந்து வைத்துக்கொண்டு, கேள்வியைப் பார்த்து எழுதுவதிலேயே அவனுக்கு முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. விடை எழுதும் நேரம் வரும்போது அடுத்த பாடவேளை தொடங்கிவிடுகிறது. நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பதற்காக வந்த மணி அது. இரண்டு பிள்ளைகளும் ஒரு முற்றமும் இருக்கும் வீட்டுக்கு அது எதற்கு?

காலை ஆறு மணிக்கு மூத்தவள் என்னோடு வாசலுக்கு வந்தாள். ஏழு புள்ளி, ஊடுபுள்ளி, நான்கில் நிறுத்தம் என்று சொல்லி அவள் கையில் கோலப்பொடியைக் கொடுத்தேன். புள்ளி வைத்து முடித்ததும், மொத்தம் எத்தனை என்று எண்ணாமல் சொல்ல முடியுமா என்று கேட்டேன். வரிசை வரிசையாகக் கூட்டி 37 என்றாள். அப்படியானால் ஐந்து புள்ளிக் கோலத்துக்கு எத்தனை, ஒன்பதுக்கு எத்தனை என்று அவளே தரையில் எழுதத் தொடங்கி, 1, 7, 19, 37, 61 என்று ஒரு வரிசையை உண்டாக்கினாள். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் 6, 12, 18, 24 வருகிறது என்பதை அவளாகவே கண்டுபிடித்தாள். வெளிச்சுற்றுக்கு ஆறு பக்கம் இருப்பதால்தான் ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு ஆறாகக் கூடுகிறது என்று காரணமும் சொன்னாள். அந்த எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய்ப் பார் என்றேன். 1, 8, 27, 64, 125 என்று வந்ததும் கோலப்பொடிக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள். ஐம்பது ஆண்டுகளாக இந்தக் கோலத்தைப் போடுகிறேன். அதற்குள் முப்படி எண்கள் இருப்பது பணியில் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. சமதளத்தில் வைத்த புள்ளிகளுக்குள் கனசதுரம் எப்படி வந்தது என்று அவள் கேட்டதற்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை. ஒரு வாரம் தேடட்டும்.

இன்றைய நாளின் பெரிய வேலை வேறு. ஆண்டுக்கு இரண்டு நாள் நம் ஊரில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். செங்குத்தாக நிற்கும் பொருளுக்கு அப்போது நிழல் இருக்காது. கும்பகோணம் பக்கத்துக்கு ஏப்ரல் 18-ஐ ஒட்டி ஒன்று, ஆகஸ்ட் 24-ஐ ஒட்டி மற்றொன்று. கடகரேகைக்கு வடக்கே இருக்கும் டெல்லிப் பிள்ளைகளுக்கு இது ஒரு நாளும் வாய்க்காது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் பள்ளிகளில் இதைச் செய்துகாட்டிப் பரப்பியபோது நானும் கற்றுக்கொண்டேன். ஆனால் அந்தக் காலத்தில் ஏப்ரல் என்றாலே தேர்வும் விடைத்தாளும்தான் என்பதால், என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை முறையாக ஒருமுறைகூடக் காட்ட முடியாமல் போயிற்று. அந்தக் குறை எனக்கு உண்டு.

எட்டரை மணிக்கு உன் அப்பா உரல் அறையிலிருந்து உலக்கையை எடுத்து வந்து முற்றத்தின் நடுவில் நிறுத்தினார். போன டிசம்பர் 26 கிரகணத்தன்று தெருவில் தாம்பாளத்தில் உலக்கை நிறுத்தியதைச் சின்னவன் காணொளியில் பார்த்திருக்கிறானாம், "இன்றைக்குக் கிரகணம் இல்லையே, எப்படி நிற்கிறது?" என்று வியந்தான். பூணின் அடி தட்டையாக இருந்தால் உலக்கை எந்த நாளிலும் நிற்கும் என்பதை அவனையே மூன்று முறை நிறுத்திப் பார்க்கச் சொல்லிப் புரியவைத்தோம். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தூக்குக்குண்டாக்கி, உலக்கை சாயாமல் நிற்கிறதா என்று மூத்தவள் சரிபார்த்தாள். உயரம் 120 செ.மீ. சூரியனை யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது, தரையை மட்டுமே பார்க்க வேண்டும் என்பது நான் போட்ட ஒரே கட்டளை.

வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுச் சிறுமியை உனக்கு நினைவிருக்கும். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. அவள் அம்மா வயல் வேலைக்குப் போய்விடுகிறார். வீட்டில் இருப்பது பொத்தான் கைப்பேசி என்பதால் அவளுக்கு அட்டவணையும் இல்லை, பயிற்சித்தாளும் இல்லை. காலையிலிருந்து வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இடைவெளி விட்டு நிற்க வேண்டிய காலம் என்பதால் உள்ளே அழைக்க முடியவில்லை. "உன் வீட்டு வாசலிலேயே ஒரு குச்சியை நடு, நாங்கள் அளக்கும்போது நீயும் அள" என்று சொல்லி, என்னுடைய பழைய அளவுகோலை வேலிக்கு மேலே நீட்டினேன்.

ஒன்பது மணி முதல் அரை மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியில் கரியால் புள்ளி வைத்தோம். மூத்தவளின் நோட்டில் உள்ளதை அப்படியே தருகிறேன்: 129, 100, 76, 56, 38, 22. பதினொன்றரைக்கு 22 செ.மீ. வந்ததும், இனி பன்னிரண்டு மணிக்குச் சுழியம்தான் என்று சின்னவன் முடிவு கட்டிவிட்டான். அவன் அக்கா நோட்டைப் பார்த்துவிட்டு, "முதலில் 29 குறைந்தது, பிறகு 24, 20, 18, 16, அடுத்த அரை மணியில் திடீரென்று 22 எப்படிக் குறையும்?" என்றாள். எனக்கு அந்த நிமிடம் போதும் என்று இருந்தது. பன்னிரண்டு அடித்தபோது மேற்குப் பக்கம் மூன்று விரல் அகலத்துக்கு நிழல் இருந்தது, 6 செ.மீ. சின்னவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "உச்சிவெயில் பன்னிரண்டு மணிக்கு என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே, புத்தகம் தப்பா, நம் கடிகாரம் தப்பா?" என்றான்.

இரண்டும் தப்பில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருக்கச் சொன்னேன். 12 மணி 12 நிமிடத்துக்கு உலக்கையின் நிழல் பூணுக்குள் போய் ஒளிந்துகொண்டது. பக்கத்தில் வைத்த மாவு டப்பாவுக்கு நிழல் இல்லை. நிமிர்ந்து நின்ற சின்னவனின் நிழல் அவன் காலடிக்குள்ளேயே கிடந்தது. அதை மிதித்துக்கொண்டே குதித்தான். சரியாக அந்த நேரத்தில் வேலிக்கு அப்பாலிருந்து, "டீச்சரம்மா, கிணத்துக்குள்ள சுவத்து நிழலே இல்ல, அடித்தண்ணி பூரா மினுங்குது!" என்று ஒரு கூச்சல். குச்சியை விட்டுவிட்டு அவள் தன் வீட்டு உறைக்கிணற்றை எட்டிப் பார்த்திருக்கிறாள். கைப்பிடிச் சுவரைவிட்டு விலகி நில் என்று பதறித்தான் முதலில் கத்தினேன். பிறகுதான் அவள் சொன்னது என்னவென்று உறைத்தது.

எகிப்தின் சயினி ஊரில், இப்போதைய அஸ்வானில், கோடைக்காலத்தின் நீண்ட பகல் நாளன்று நண்பகல் வெயில் கிணற்றின் அடிவரை விழுகிறது என்ற செய்தியை வைத்துத்தான் எரட்டோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்தவர் அவர். அதே நாள் அதே வேளையில் அலெக்சாந்திரியாவில் நிழல் விழுந்தது. அங்கே வெயில் சாய்ந்து விழுந்த கோணம் முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இரு ஊர்களுக்கும் இடையே 5,000 ஸ்டேடியா (அந்தக் காலக் கிரேக்கர்களின் நீள அளவு). ஆகவே பூமியைச் சுற்றி 2,50,000 ஸ்டேடியா. இந்தக் கதையை மாலையில் சொல்ல வைத்திருந்தேன். கிணற்றை அவளே கண்டுபிடித்துவிட்ட பிறகு மாலைவரை வைத்திருக்க முடியுமா? வேலிக்கு இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் ஒருத்தி என்று வெயிலிலேயே நிற்கவைத்துச் சொன்னேன். "சோறு ஆறுகிறது" என்று உன் அப்பா இரண்டு முறை கூப்பிட்டார். இதற்குள் 12.24 ஆகிவிட, கிழக்குப் பக்கம் மறுபடி 6 செ.மீ. வரவேண்டும் என்று மூத்தவள் ஓடிப்போய் அளந்தாள். வந்திருந்தது.

அந்தப் பன்னிரண்டு நிமிடக் கணக்கைச் சாப்பாட்டுக்குப் பின் நிலவரைபட நூலை விரித்துப் பார்த்தோம். நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வேண்டும் என்பதற்காக, உத்தரப் பிரதேசத்தின் மிர்சாப்பூர் அருகே போகும் 82½ பாகைத் தீர்க்கக்கோட்டின் நேரத்தை எல்லாரும் வைத்துக்கொண்டிருக்கிறோம். நம் ஊர் 79 பாகையைச் சற்றே தாண்டிய இடம். அதற்கு மேற்கே ஏறத்தாழ 3 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். "அப்படியென்றால் நம் கடிகாரம் மிர்சாப்பூர்க் கடிகாரம்" என்று சின்னவன் அறிவித்துவிட்டான். சாயங்காலம் பால்காரர் வந்தபோது அவரிடமும் இதையே சொன்னான்.

எல்லாம் இப்படியே நடந்தது என்று நினைத்துவிடாதே. மூன்று மணிக்கு மேல் வெக்கையில் யாருக்கும் எதுவும் ஓடவில்லை. தமிழ்ப் பயிற்சித்தாளில் "நான் விரும்பும் தலைவர்" என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். சின்னவன் தலைப்பை எழுதி, அடிக்கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு மேல் இன்னொரு கோடு போட்டுக்கொண்டே தூங்கிப்போனான். ஆங்கிலத்தை நான் தொடவே இல்லை. கைப்பேசிக்காக இருவருக்கும் ஒரு சண்டை நடந்து, அதில் ஓர் அடியும் விழுந்தது. மாலையில், இன்று பார்த்ததைப் பத்து வரி எழுது என்று சொன்னபோது மட்டும் அவன் மறுக்கவில்லை. பதினெட்டு வரி எழுதினான். "நிலல்" என்று ஏழு இடத்தில் எழுதியிருக்கிறான். ஓர் இடத்தில் மட்டும் திருத்தினேன். மற்ற ஆறையும் அவனே தேடித் திருத்தினான்.

அட்டவணையை அடியோடு தள்ளிவிடச் சொல்லவில்லை. கணக்குப் பயிற்சித்தாள்கள் நன்றாகவே இருக்கின்றன. நாளொன்றுக்கு ஒன்று என்று செய்யவைக்கிறேன். மற்றவற்றை என் பொறுப்பில் விட்டுவிடு. பள்ளியிலிருந்து கேட்டால், பாட்டி ஒத்துழைக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லிக்கொள்.

இனி உன்னால் ஆக வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. சாப்பிடும்போது சின்னவன், "இந்நேரம் அம்மாவுக்கும் நிழல் இருந்திருக்காது இல்லையா?" என்று கேட்டான். இருந்திருக்கும், சென்னை நமக்கு வடக்கே 2 பாகை தள்ளி இருக்கிறது, அம்மாவின் நிழல் 24-ஆம் தேதிதான் மறையும் என்றேன். கையில் இருந்த சோற்றை வைத்துவிட்டு நாள்காட்டியில் வட்டம் போட்டுவிட்டு வந்தான். 24 வெள்ளிக்கிழமை. சென்னையில் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் 12 மணி 7 நிமிடத்தை ஒட்டி. அன்று உனக்குப் பகல் பணியாக இருந்தால், மருத்துவமனையில் வெயில் விழும் சமதளமான ஓர் இடத்தில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலை நிமிர்த்தி வைத்து ஒரு படம் எடுத்தால் போதும். கவச உடையில் இருந்தால் நீ வெளியே வர வேண்டாம். வாசலில் இருக்கும் காவலரிடம் சொல்லி எடுக்கச் செய்.

அதே நாள் நண்பகலில் இங்கே மீட்டர் கோலை நட்டு அளப்போம். சூரியன் அதற்குள் நம்மைத் தாண்டி வடக்கே போயிருக்கும் என்பதால், நிழல் தெற்கே விழும். ஏறத்தாழ 3.6 செ.மீ. வரும், இதை அவர்களிடம் சொல்லிவிடாதே. 100 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு 628 செ.மீ. என்பது மூத்தவளுக்குத் தெரியும். அதை நிழலால் வகுத்து, நம் ஊரிலிருந்து சென்னைக்கு நேர் வடக்காக உள்ள தூரத்தால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு வந்துவிடும். பேருந்து ஓடும் தூரத்தை எடுக்கலாமா என்று கேட்டாள். அது வளைந்து போகிறது, சென்னை கிழக்கேயும் தள்ளி இருக்கிறது என்று அவளே மறுத்துவிட்டு, வரைபடத்தில் அட்சக்கோடுகளுக்கு இடையே அளந்து 235 கி.மீ. என்று குறித்து வைத்திருக்கிறாள். உண்மையான அளவு 40,000 கி.மீ. சொச்சம். நிழலில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் ஆயிரம் கி.மீ. மாறும், மாறட்டும், எவ்வளவு மாறியது, ஏன் மாறியது என்று அதையும் எழுதவைக்கலாம். வேலிக்கு அப்பால் இருப்பவளும் தனியாக அளக்கப்போகிறாள். மூன்று அளவு இருந்தால் சராசரி எடுக்கலாம்.

சின்னவன் அன்று பன்னிரண்டு மணிக்கே உன்னை அழைக்கத் தொடங்கிவிடுவான். எடுக்க முடியாவிட்டால் துண்டித்துவிடு, கோபித்துக்கொள்ள மாட்டான். படம் மட்டும் வரட்டும். எடுத்த நேரத்தையும் கீழே எழுதி அனுப்பு.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா