மூச்சை வெட்டாமல் விட்டிருக்கிறேன்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. என் ராப் ஆல்பத்தின் ஒன்பது பாட்டையும் வரிசை மாற்றாமல், நடுவில் எழுந்திருக்காமல் கேட்டேன் என்று எழுதியிருந்தாய். மற்ற பக்கங்களை விட்டுவிட்டு அந்த ஒரு வரியையே பல தடவை படித்தேன். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் சொல்ல வேண்டியது முட்டி மோதிக்கொண்டு வந்தது. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். தாமதத்துக்குக் காரணம் அதுதான்.

மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். குரல் ஏன் இப்படி இறங்கிவிட்டது? முதலில் அனுப்பிய பாட்டில் இருந்த சாம்பிள், வேறொரு பழைய பாட்டிலிருந்து எடுத்த அந்தத் துண்டு, எங்கே? கடைசிப் பாட்டின் முடிவில் ஏன் வெறும் பீட், வரியில்லாத தாள இசை, அவ்வளவு நேரம் ஓடுகிறது?

குரலைப் பற்றி உன்னிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஐந்து பாட்டு பதிவாகியிருந்த சமயம். ஐந்திலும் தொண்டை கிழியக் கத்தியிருந்தேன். கத்தினால்தான் கோபம் தெரியும் என்று நம்பியிருந்த காலம் அது. ஒரு நாள் காலையில் எழுந்தால் காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. தொண்டை மருத்துவர் மூக்கு வழியே மெல்லிய கேமராவை இறக்கித் திரையில் காட்டினார். இரண்டு குரல்நாண்களிலும் எதிரெதிரே சின்னச் சின்ன முடிச்சு. மண்வெட்டி பிடிக்கிறவர் உள்ளங்கை காய்த்துப்போவதுபோல, விடாமல் உரசி உரசி இவையும் காய்த்துப்போகின்றன என்றார். முதலில் சில நாள் வாய் திறக்கவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. பிறகு மாதக்கணக்கில் குரல் பயிற்சி. அந்த நாட்களில் வீட்டில் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். ஒரு ராப் பாடகன் பேசாமல் இருந்தால் அவனுக்குள் என்ன ஓடும் என்பதுதான் ஆறாவது பாட்டு. அதில் டிரம்ஸ் இல்லை என்பதைக் கவனித்திருப்பாய்.

பயிற்சி தந்த அம்மா ஒரு நாள் சொன்னார்: “ஆயிரம் பேருக்குப் பேசுறதா நெனச்சுக்காதீங்க. கை நீட்டினா தொடுற தூரத்துல ஒருத்தர் உக்காந்திருக்கார். அவர்கிட்ட சொல்லுங்க.” என் மனதில் வந்து உட்கார்ந்தவன் நீ. கையைக் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, “இந்த வரி பொய்டா” என்று சொல்லக் காத்திருக்கும் அதே முகம். உன்னிடம் கத்த முடியாது. உன்னிடம் கத்தி நான் எதையும் ஜெயித்ததில்லை.

அந்த ஐந்து பாட்டையும் அழித்துவிட்டு முதலிலிருந்து பதிவு செய்தேன். பழைய பதிவுகளில் மைக்கைவிட்டு ஓரடி தள்ளி நின்று முழங்கியிருந்தேன். இப்போது ஒரு சாண் தூரத்தில் நின்று பேசினேன். மைக்கை நெருங்க நெருங்கக் குரலின் அடிப்பகுதி கனத்துக்கொண்டு வரும், தெரியுமா? மெதுவாகச் சொன்னாலும் நெஞ்சுக்கூட்டிலிருந்து வருவதுபோலக் கேட்கும். ஆனால் நாக்கு ஒட்டுவது, உதடு பிரிவது, மூச்சு இழுப்பது எல்லாமே அதில் விழும். முதலில் மூச்சை எல்லாம் வெட்டி எடுத்தேன். சுத்தமாக இருந்தது. ஆனால் அதில் ஆள் இல்லை. திரும்பவும் ஒவ்வொன்றாக ஒட்டி வைத்தேன்.

இனி எழுத்தைப் பற்றி. இதை உனக்குத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொடங்கி வைத்தவன் நீ. என் பழைய நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் நீ சிவப்பு மையில் எழுதிய வரி இன்னும் இருக்கிறது: “வினைமுற்றை எடுத்துட்டா உன்கிட்ட என்ன மிஞ்சும்?” அன்றைக்கு வலித்தது. ஆனால் நீ சொன்னது முழுக்கச் சரி. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கும். வந்தேன், நின்றேன், சொன்னேன் என்று முடித்துக்கொண்டே போனால் இயைபு தானாக விழும். உழைப்பே இல்லாமல் கிடைக்கும் ரைம் அது, கேட்கிறவர் காதும் அதை உடனே கண்டுபிடித்துவிடும். ஆங்கிலத்தில் ஒருவர் நாலு அசைக்கு ரைம் போட்டால் வாய் பிளக்கிறோம். தமிழில் விகுதியே நாலு அசைக்கு ஒத்துப்போய்விடுகிறது.

அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன். வரிக்கடைசியில் இரண்டு வினைமுற்று ஜோடி சேரக் கூடாது. ஒன்றாவது பெயர்ச்சொல்லாக இருக்க வேண்டும். அப்போதுதான் எதுகையின் அருமை எனக்குப் புரிந்தது. பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, இரண்டாம் எழுத்து ஒன்றி வரவேண்டும், முதலெழுத்து குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் அளவொத்து நிற்க வேண்டும் என்று. பீட்டோடு வைத்துப் பார். நாலு தாள அடி சேர்ந்தது ஒரு பார். அதன் முதல் அடியில் கிக், கனத்த டிரம், விழுகிறது, எதுகை அங்கே. நாலாவது அடியில் ஸ்னேர், சுள்ளென்ற டிரம், விழுகிறது, ரைம் அங்கே. வரியின் இரண்டு முனையிலும் ஆணி அடித்ததுபோல நிற்கும். நடுவில் எங்கே வேண்டுமானாலும் அலையலாம். இரண்டாவது பாட்டில் வருமே:

படிக்கட்டு ஏறயில பாதியில நின்ன மூச்சு
துடிக்கிற நெத்திநரம்பு தாளமாக ஆச்சு

இந்த இரண்டு வரிக்கு நாலு நாள் ஆனது. நெத்திநரம்பு என்று ஒட்டிச் சொல்லும்போதுதான் ஹை-ஹாட் தாளத்தட்டின் ஒலியோடு சரியாக உட்கார்ந்தது.

இன்னொன்றும் கண்டேன். இப்போதெல்லாம் சொல்லை முதலில் எழுதுவதில்லை. பீட்டை ஓடவிட்டு அர்த்தமில்லாமல் முணுமுணுத்து ஃபோனில் பதிந்துகொள்வேன், பிறகு அந்த அச்சுக்குள் சொற்களைக் கொண்டுவந்து வைப்பேன். ராப் எழுதுகிறவர்கள் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். ஒரு நாள் திருப்புகழ்ப் புத்தகத்தைப் புரட்டியபோது ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே “தனதன தந்தன” என்று சந்தக் குழிப்பு அச்சாகியிருந்ததைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் ஃபோனில் முணுமுணுத்து வைத்திருந்ததும் இதே சங்கதிதானே! ராப்பில் வரி தாளத்தோடு ஓடும் விதத்தை ஃப்ளோ என்பார்கள். அந்தச் சொல் நமக்குப் புதிது. அந்தப் பொருள் நம்மிடம் எத்தனையோ நூற்றாண்டாக இருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

சாம்பிள் விஷயம் சுருக்கமாக. பழைய பாட்டு ஒன்றின் முகப்பிலிருந்து நாலு பார் எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடும்படி லூப் போட்டிருந்தேன், உனக்குப் பிடித்திருந்தது. அதற்கு இரண்டு அனுமதி வேண்டும்: ஒலிப்பதிவுக்கு ஒன்று, மெட்டுக்கும் வரிக்கும் இன்னொன்று. உரிமை வைத்திருப்பவர்களுக்கு எழுதினேன். மாதங்கள் போயின, பதிலே வரவில்லை. நாமே வாசித்துப் பதிந்துகொண்டால் ஒலிப்பதிவுச் சிக்கல் தீரும், மெட்டின் உரிமை அப்படியே நிற்கும். எனவே கைவிட்டேன். இதில் எனக்கு இரண்டு மனம். இந்தக் கலையே பிறர் இசைத்தட்டிலிருந்து முளைத்தது. 1970களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்ற டிஜே ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓடவிட்டு, தாளம் மட்டும் ஒலிக்கும் துண்டை நீட்டிக்கொண்டே போனாரே, அங்கிருந்து வந்ததுதான் எல்லாம். 1991-இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, அனுமதி இல்லாமல் சாம்பிள் எடுத்ததைத் திருட்டு என்றே தீர்ப்பில் எழுதியது. அதன் பிறகு ஒரே பாட்டில் பத்துப் பதினைந்து துண்டுகளைக் கோத்தவர்கள் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. கேட்கிறவனாக எனக்கு அது பெரிய நஷ்டம். ஆனால் அந்த முகப்பில் புல்லாங்குழல் வாசித்தவருக்கு ஒன்றும் தராமல் அவர் மூச்சை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

மிக்ஸிங்கில், அதாவது ஒலிகளைக் கலந்து சமன்செய்யும் வேலையில், ஒன்று மட்டும் சொல்கிறேன். 808 பேஸை, அந்த மிகத் தாழ்ந்த மின்னணு அதிர்வை, ஹெட்ஃபோனில் கேட்டுக் கேட்டு ரசித்திருந்தேன். ஃபோன் ஸ்பீக்கரில் போட்டால் பேஸே காணோம். அவ்வளவு தாழ்ந்த ஒலியை அந்தச் சின்ன ஸ்பீக்கரால் தர முடியாது. ஒலியை லேசாகக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் சேர்த்தால் மேலே அதன் கிளை அலைகள் பிறக்கும், காது அவற்றை வைத்து அடிநாதத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். இல்லாத ஒலியைக் காது கட்டி எழுப்புகிறது! மாஸ்டரிங் என்ற கடைசி மெருகில் சத்தத்தை ஏற்றி நசுக்கவில்லை. எப்படியும் பாட்டு கேட்கும் இணையத் தளங்கள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன, அதிகம் கத்துகிற பாட்டைக் குறைத்துவிடுகின்றன.

இனி வரவேற்பு. உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. முதல் பாட்டைக் கேட்டவர்களில் பத்தில் ஒருவர்கூட ஒன்பதாவதுக்கு வரவில்லை. முப்பது நொடி தாண்டினால்தான் ஒரு கேட்பு கணக்கில் சேரும் என்பதால் ஹூக்கை, மனதில் ஒட்டும் அந்தப் பல்லவி வரியை, முன்னால் தூக்கிப் போடு, முகப்பை வெட்டு என்று பலர் சொன்னார்கள். நாலாவது பாட்டில் மட்டும் செய்தேன், மற்றவற்றுக்கு மனம் வரவில்லை. பெரிய தளம் ஒன்றில் 2024 முதல், ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவை ஒலித்தால்தான் ஒலிப்பதிவுக்கான பங்கு கிடைக்கும். என் ஒன்பதில் நாலு அதைத் தாண்டாது என்று தோன்றுகிறது. அந்த நாலில் ஒன்று ஆறாவது பாட்டு.

“இது ராப் இல்ல, கவிதை வாசிப்பு. பழைய நெருப்பு எங்கே?” என்று ஒருவர் எழுதினார். என்னை ஆரம்பத்திலிருந்து கேட்டுவருகிறவர் அவர், அதனால் இரண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை. மூன்றாவது பாட்டைத் திரும்பக் கேட்டபோது அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதில் குரலை இறக்கிய நான் தாளத்தையும் சேர்த்து இறக்கிவிட்டேன். மெதுவாகப் பேசுவதும் தளர்ந்து பேசுவதும் ஒன்றில்லை. மற்ற எட்டிலும் அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. அவர் நெருப்பு என்று நினைத்தது என் தொண்டை புண்ணாகிக்கொண்டிருந்த சத்தம்.

வெளியிடுவதற்கு முந்தைய இரவு ஓர் அறையில் பதினொரு பேர் உட்கார்ந்து விளக்கை அணைத்துவிட்டு முழு ஆல்பத்தையும் கேட்டோம். முடியும்வரை யாரும் பேசக் கூடாது, ஃபோனைத் தொடக் கூடாது. விளக்குப் போட்டதும் வயதான ஒருவர், தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், முதல் ஆளாகக் கேட்டார்: “அஞ்சாவது பாட்டுல ஒரே ஒரு எடத்துல எதுகை தட்டுதே, தெரிஞ்சு விட்டீங்களா?” தெரிந்துதான் விட்டேன். அப்பாவின் பெயர் வரும் இடம் அது. அதை வேறு எந்தச் சொல்லோடும் பொருத்த எனக்கு மனம் வரவில்லை. சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். வேறு எந்தப் பாராட்டும் எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்ததில்லை, நண்பா.

இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் ஒருவரும் எழுதியிருந்தார். ஆறாவது பாட்டை மட்டும்தான் கேட்கிறாராம். பேச முடியாத நோயாளிகள் கண்ணைப் பார்க்கும்போது அது ஞாபகம் வருகிறதாம். அந்தப் பாட்டை வெட்டிவிடலாம் என்று கடைசி வாரம்வரை நினைத்திருந்தேன்.

மூன்றாவது கேள்வி பாக்கி. கடைசிப் பாட்டின் முடிவில் பதினாறு பார் வெறும் பீட் ஓடுவதைப் பற்றி நீ மட்டும் கேட்கவில்லை. நேரத்தை நீட்டியிருக்கிறான் என்று ஒருவர், எழுத வரிகள் தீர்ந்துவிட்டன என்று இன்னொருவர். உண்மை இதுதான்: அது உன் இடம். பாட்டைக் கட்டும்போதே அங்கே நீ வருவதாகத்தான் கட்டினேன். கேட்டால் மறுப்பாய் என்று பயந்து கேட்காமல் விட்டேன். எழுதுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது என்று சொல்வாய். உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், நீ கவனிக்காமல் எழுதிய மூன்று வாக்கியங்கள் எதுகையோடு விழுந்திருக்கின்றன. கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

பீட்டைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். வேகம் நிமிடத்துக்கு 84 அடி, பதினாறு பார் என்றால் முக்கால் நிமிடத்துக்கும் கொஞ்சம் அதிகம். முன்னால் நாலு அடி எண்ணிக்கை வரும், அது முடிந்ததும் நுழை. துணி தொங்கும் அலமாரியைத் திறந்து, அதற்குள் முகத்தை வைத்துப் பதிவு செய், எதிரொலி அடங்கும். மின்விசிறியை நிறுத்திவிடு. ஃபோனாக இருந்தாலும் பரவாயில்லை, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் பிடி. தப்பினால் நிறுத்தாதே, அந்த வரியையே மறுபடி சொல்லிக்கொண்டு போ, நான் இங்கே கோத்துக்கொள்கிறேன். மூச்சை மட்டும் நீயே வெட்டி அனுப்பிவிடாதே.

அன்புடன்,
உன் நண்பன்