கோணத் தேர்வைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குவாண்டம் பிணைப்பைப் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை, பிணைந்த ஒளித்துகள்களில் ஒன்றை அளந்ததும் மற்றதன் நிலையும் தெரிந்துவிடுகிறது என்பதையே பெரும் வியப்பாகக் கூறி முடிந்துவிட்டது. ஒரு ஜோடிச் செருப்பில் ஒன்றைப் பெங்களூருக்கும் மற்றதைச் சென்னைக்கும் அனுப்பினால், இங்கே இடக்கால் செருப்பைப் பார்த்தவர் அங்கே போனது வலக்காலுக்குரியது என்று சொல்லிவிடுவார். இருபுறமும் அளக்கும் கருவியை ஒரே கோணத்தில் வைக்கும் வரை, துகள்களின் ஒற்றுமையையும் இப்படியே விளக்கிவிட முடியும்.

இந்த விளக்கம் எங்கே உடைகிறது என்பதை 1964-இல் இயற்பியலாளர் ஜான் பெல் காட்டினார். கிளாசர் உள்ளிட்ட நால்வர் 1969-இல் அதைச் சோதனைக்கூடத்துக்கு ஏற்ற வடிவமாக்கினர். ஒருபுறத் தளவிளைவாக்கியை (குறிப்பிட்ட திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டியை) 0 அல்லது 45 பாகையிலும், மறுபுறத்ததை 22.5 அல்லது 67.5 பாகையிலும் வைத்து, நான்கு சேர்க்கைகளிலும் முடிவுகள் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்று பார்க்க வேண்டும் (முழுதும் ஒத்தால் 1, முழுதும் முரண்பட்டால் மைனஸ் 1). மூன்று சேர்க்கைகளில் கோண வேறுபாடு 22.5 பாகை, குவாண்டம் கணக்கின்படி ஒவ்வொன்றின் மதிப்பும், அவ்வேறுபாட்டின் இருமடங்குக்கான கொசைன், அதாவது 0.707. நான்காவதில் வேறுபாடு 67.5 பாகை, மதிப்பு மைனஸ் 0.707. மூன்றைக் கூட்டி நான்காவதைக் கழித்தால் ஏறத்தாழ 2.83 வருகிறது. துகள்கள் விடைகளைப் புறப்படும்போதே சுமந்து சென்றிருந்தால், இத்தொகை 2-ஐத் தாண்டவே முடியாது. அதே துகள்களை இருபுறமும் 0, 90 பாகைகளில் மட்டும் அளந்தாலோ, பிணைப்பு முழுமையாக இருந்தும் தொகை 2-க்குள் அடங்கிவிடும். சோதனை எதையும் மெய்ப்பிக்காது.

கோணம் எப்போது முடிவாகிறது என்பதும் இதே அளவு முக்கியம். முன்னதாகவே முடிவாகிவிட்டால், அச்செய்தி மறுபுறம் சென்று சேர நேரம் கிடைத்துவிடும். 1982-இல் அலென் அஸ்பே, துகள்கள் வழியில் இருக்கும்போதே கோண அமைப்பை மாற்றினார். அந்த மாற்றம் சீரான கால ஒழுங்கில் நிகழ்ந்ததால், அதை முன்கூட்டியே ஊகிக்க இடமிருந்தது. 1998-இல் ட்ஸைலிங்கர் குழுவினர் 400 மீட்டர் இடைவெளியில், சமவாய்ப்பு எண்களைத் தரும் கருவிகளைக் கொண்டு அக்குறையை நீக்கினர். 2018-இல் வெளியான ஆய்வில், 780 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் குவேசார்களிலிருந்து (மிகத் தொலைவிலுள்ள, பேரொளி வீசும் விண்மீன் மண்டல மையங்களிலிருந்து) கிளம்பிய ஒளியைக் கொண்டே கோணங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு இத்துறையில் இதைவிடப் பெரிய வியப்பு இல்லை.

அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தமிழில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் தங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள். கொசைன் அட்டவணை தெரிந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவரால் மேற்கண்ட கணக்கைத் தானே போட்டுப் பார்க்க முடியும். எனவே, அடுத்த முறை இப்பொருளில் கட்டுரை வெளியிடும்போது, அந்த நான்கு கோணங்களையும் ஒரு சிறிய படத்துடன் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.